ஏழு மணிப் பக்கத்து ஓட்டைகள்

எனக்குப் பழகுவதற்கு ஒரு துவக்கு கிடைத்திருக்கிறது என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரிந்ததும் முதலில் வந்து விசாரித்தவர் பக்கத்து வளவு அண்ணர். குரங்குகள் அவருடைய பப்பாசியையும் மரவள்ளியையும் விட்டுவைப்பதில்லை. படலையில் நின்றபடியே கேட்டார்.

“தங்கச்சி, அது எவ்வளவு தூரத்துக்குச் சுடும்?”

“பத்து மீற்றர் அண்ணை.”

“பத்து மீற்றரோ? அதுக்கு நான் கல்லாலேயே எறிவனே!”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அது எயார் பிஸ்டல். அமுக்கி வைத்த காற்றால் மிளகளவு ஈயக்குண்டைத் தள்ளும். குண்டு இன்னும் தூரம் போகும்தான், ஆனால் போட்டி பத்து மீற்றரில்தான். அந்தத் தூரத்தில் ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானளவு வட்டத்துக்குள் போடவேண்டும். இதையெல்லாம் அண்ணருக்கு விளக்கினேன். “அப்ப குரங்குக்குச் சரிவராது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒட்டுசுட்டானுக்குப் போகும் பஸ்ஸில் என்னைக் கண்ட பாதிப்பேர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவர் யானைக்குக் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்தச் சோலிக்குள் என்னை இழுத்துவிட்டவர் எங்கள் பகுதி விளையாட்டு உத்தியோகத்தர். என்னைவிட ஆறு வயது குறைந்தவர். ஆக்களுக்கு முன்னால் நான் அவரைச் சேர் என்பேன், தனியே தம்பி என்பேன். அவர் எங்கேயும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அதே அலுவலகத்தில் பக்கத்துக் கிளையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடினேன், கோல் போடுவது என் வேலை. கலியாணத்துக்குப் பிறகு அதெல்லாம் நின்றுபோனது. ஒருநாள் அவர் ஒரு சுற்றுநிருபத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“அக்கா, மாகாணப் போட்டியில பெண்களுக்கு எயார் பிஸ்டல் இருக்கு. எங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை. கோல் போட்ட கைதானே, வாங்கோ.”

“விசரே உமக்கு? துவக்குப் பிடிக்கச் சொல்லுறீரோ?”

“விளையாட்டுத் துவக்கு அக்கா.”

ஒரு வருடத்துக்கு ஒரு பிஸ்டல் இரவலாக வரும். மாகாணப் போட்டியில் யாராவது நாற்பது குண்டுகளில் முந்நூற்று இருபது புள்ளி எடுத்தால் அவருக்குத் தேசியப் பயிற்சி முகாமில் இடம், பிஸ்டலும் எங்களோடு நிற்கும். எடுக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டுக்காரருக்காகவும் பிள்ளைக்காகவும் அலுவலகத்துக்காகவும் ஓடியது போக, எனக்கென்று ஒன்று வேண்டும் என்று மனம் கிடந்து அரித்தது. அந்த முகாமுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

துவக்கு என்பதால் அது பொலிஸ் நிலையத்து ஆயுத அறையில்தான் இருக்கவேண்டும். புதனும் சனியும் நானும் தம்பியும் போய்க் கையெழுத்து வைத்து எடுத்து, பழகி முடிந்ததும் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். முதல்நாள் சார்ஜன்ட் ஒரு உறுதிமொழிக் கடதாசியைத் தந்தார். சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. நாலாவது வரி, “ஆயுதத்தில் எவ்வித மாற்றமும் செய்யமாட்டேன்” என்றது. எங்கள் பக்கத்தில் ஆயுதம் என்ற சொல் இருக்கிற கடதாசியில் ஒருவரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பதில்லை. நான் மூன்றுதரம் வாசித்தேன். போனில் படமும் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் வைத்தேன். தம்பியும் வைத்தார்.

பழகிய இடம் பாவிக்காமல் கிடந்த ஒரு நெல் களஞ்சியம். அதன் தகரக் கதவை முந்தின வருடம் ஒரு யானை நெற்றியால் முட்டி வளைத்திருந்தது. கதவை நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து தூக்கித்தான் திறக்கவேண்டும். உள்ளே பழைய நெல் மணமும் எலிப்புழுக்கையும். வீட்டுக்காரரின் நாடாவால் பத்து மீற்றர் அளந்து நிலத்தில் கோடு போட்டோம். மறுபக்கச் சுவரில் மண்மூட்டை அடுக்கி அதன்மேல் பலகையில் வட்டங்கள் போட்ட அட்டையைக் குத்தினோம். நடு வட்டத்துக்குப் பத்துப் புள்ளி, வெளியே போகப்போக ஒவ்வொன்றாகக் குறையும்.

பிஸ்டல் எடுக்காத நாட்களில் வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, குசினிச் சுவரில் கரியால் வைத்த பொட்டைப் பார்த்து நிற்பேன். முதலில் பத்து எண்ணுவதற்குள் கை தொய்ந்துவிடும். இரண்டாம் மாதம் அறுபது எண்ணினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் மெல்ல மெல்ல அமத்தவேண்டும். அதையும் பழகினேன். பிள்ளை சோறு கேட்டு அழும்போதுகூட ஸ்திரிக்கைப் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றிருக்கிறேன்.

அப்படியெல்லாம் பழகியும் ஓட்டைகள் நடுவில் விழவில்லை. அட்டையை மணிக்கூடு என்று வைத்துக்கொண்டால், எல்லாம் ஏழு மணிப் பக்கம், கீழே இடதாக, ஆறாம் வட்டத்தில் போய் இருந்தன. ஒரு நாளல்ல, எல்லா நாளும். நான் நடுவைப் பார்த்துத்தான் சுடுகிறேன். அது கீழே இடதுபக்கம் போய்க் குந்துகிறது. இன்னும் மெதுவாக அமத்தினேன், அங்கேதான். நிற்கிற விதத்தை மாற்றினேன், அங்கேதான். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சட்டி பானையைப் போட்டு உடைக்காத குறை.

தம்பி போனில் வீடியோக்கள் பார்த்துத்தான் எனக்குச் சொல்லித்தந்தார். வலக்கைக்காரருக்குக் கீழே இடதாகப் போனால் விசையை வெடுக்கென்று இழுக்கிறார்கள் என்று அர்த்தமாம். “இழுக்கிறியள் அக்கா, அமத்துங்கோ.” நான் அமத்திக்கொண்டுதான் இருந்தேன். “இல்லை அக்கா, இழுக்கிறியள்.” அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு விசர் வரத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் தெற்கிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். நல்ல மனிதர், அமைதியாகக் கதைத்தார், தம்பி மொழிபெயர்த்தார். நான் சுட்ட அட்டையைப் பார்த்தார். நான் இழுக்கிறேன் என்றுதான் அவரும் சொன்னார். பிறகு நான் எந்த ஊர், யுத்தம் முடிந்த வருடம் எங்கே இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் இளகிவிட்டது. சிங்களத்தில் நெடுநேரம் சொன்னார். தம்பி கண்கலங்கியபடி சுருக்கித் தந்தார்.

“உங்கட ஆக்கள் வெடிச் சத்தத்தோட வளந்தவையாம் அக்கா. மனம் மறந்தாலும் உடம்பு மறக்காதாம். வெடிக்க முதலே கை பதறுதாம். உங்களில பிழை இல்லையாம்.”

எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் எல்லோரிடமும் அந்த வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. அது வேறு கதை. இந்தப் பிஸ்டலின் சத்தமோ பப்படம் நொறுங்குகிற சத்தம். குசினியில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் ஒரு பெரிய மனிதர் இரக்கத்தோடு சொன்னால் ஆள் தடுமாறிப்போகும். இரண்டு மாதம் நான் அதை நம்பினேன். கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தேன். கை நீட்டும்போதெல்லாம் இப்போது பதறப்போகிறது, இப்போது பதறப்போகிறது என்று என் கையையே சந்தேகத்தோடு பார்த்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தவர், களஞ்சியத்துக்குள் வந்து பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, பொக்கற்றிலிருந்த சோடா மூடி ஒன்றை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். ஐந்து ஓட்டையும் மூடிக்குள் மறைந்தன. அடுத்த அட்டையிலும் அப்படித்தான்.

“பதறுற கை எண்டா அங்க இஞ்ச சிதறாதே? இது எல்லாம் ஒரே இடத்தில எல்லோ கிடக்குது” என்றார்.

தம்பிக்கு உடனே ஒரு வீடியோ நினைவு வந்தது. எனக்குத் தெரியாமல் சிலமுறை குண்டு போட்டும் சிலமுறை போடாமலும் பிஸ்டலை என் கையில் தந்தார். குண்டு இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. பதறுகிற கை என்றால், குண்டு இல்லாதபோது துவக்கின் முனை கீழே குத்துவது அப்பட்டமாகத் தெரியும். வீட்டுக்காரர் பின்னால் ஒரு பக்கமாக நின்று முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது முறை அமத்தினேன்.

“முனை அசையேல்லை. உம்மட கையில ஒண்டும் இல்லை. மெசினிலதான் பிழை” என்றார். பிஸ்டலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். குறிபார்க்கிற பின்பக்கத் தகட்டில், சைட் என்பார்கள், இரண்டு சின்னத் திருகாணிகள் இருந்தன. ஒன்று மேலே கீழே, மற்றது இடம் வலம். பக்கத்தில் அம்புக்குறிகூடப் போட்டிருந்தது. “இது முந்திப் பாவிச்ச ஆளின்ர கண்ணுக்கு வைச்சது. உம்மட கண்ணுக்குத் திருப்பவேணும். அவ்வளவுதான்.”

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டுபேர் மனதிலும் அந்த நாலாவது வரிதான் ஓடியது.

“தொடக்கூடாது. கையெழுத்து வைச்சிருக்கிறம்” என்றேன்.

“இஞ்சேரும், திருப்பத்தானே திருகாணி வைச்சவன்?”

“நீங்கள் சும்மா இருங்கோ. நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் என்னைத்தான் கூப்பிடுவாங்கள்.”

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். திருகாணியைத் திருப்ப அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அலுவலகத்தில் நானே அதைத் தட்டச்சுச் செய்தேன். எங்களுக்கு அது கொஞ்சமும் வேடிக்கையாகப் படவில்லை. பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் போட்டோம். அதற்கும் பதில் இல்லை. ஒவ்வொரு புதனும் சனியும் நான் ஏழு மணிப் பக்கமே சுட்டுக்கொண்டிருந்தேன்.

மாகாணப் போட்டி வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போட்டி தொடங்க முன்னம் பதினைந்து நிமிடம் எவ்வளவும் சுட்டுப் பார்க்கலாம், புள்ளி இல்லை. எனக்குப் பக்கத்து நிரையில் இருபது வயதுப் பிள்ளை ஒன்று நின்றாள். மூன்று குண்டு சுட்டாள், தூரக்கண்ணாடியால் அட்டையைப் பார்த்தாள், சின்னத் திருப்புளி ஒன்றால் டிக் டிக் என்று திருகாணியைத் திருப்பினாள், திரும்பவும் சுட்டாள். பல்லுக் குத்துகிறவளின் முகத்தில் இருக்கிற கவனம்தான் அவளிடம் இருந்தது. குண்டுப் பெட்டியை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே துணியில் சுற்றி ஒரு திருப்புளி. வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டிருக்கிறார்.

எடுத்தேன். திருகாணியின் வெட்டுக்குள் அதன் நுனியை வைத்தும்விட்டேன். கயிற்றுக்கு அப்பால் தம்பி கோவையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அதற்குள் அந்தக் கடதாசியின் பிரதி இருந்தது. அவர் தலையை ஆட்டவுமில்லை, வேண்டாம் என்று காட்டவுமில்லை. நான் திருப்புளியை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

முதல் பத்தும் ஏழு மணிப் பக்கம். பிறகு ஒரு புத்தி ஓடியது. நடுவைப் பார்க்காமல், எதிர்ப்பக்கம், ஒரு மணித் திசையில் மேலே வலதாகப் பார்த்துச் சுட்டால் நடுவில் விழவேண்டும்தானே? செய்து பார்த்தேன். ஆனால் அங்கே பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லை. கண் அலைந்தது. ஒன்று ஒன்பதில் விழுந்தது, அடுத்தது நாலில், அதற்கடுத்தது எட்டில், பிறகு மூன்றில். பதறிப்போய்ப் பழையபடி நடுவைப் பார்த்து, பழையபடி ஆறாம் வட்டத்தில் மீதியைச் சுட்டு முடித்தேன். இருநூற்று ஐம்பத்தொன்று.

எல்லோரும் பெட்டி கட்டும்போது ஒரு நடுவர், வயதான பெண்மணி, என் அட்டைகளோடு வந்தார். ஒரு அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஐந்து ஓட்டையும் ஒன்றுக்குமேல் ஒன்று விழுந்து ஒரே கிழிசலாக இருந்தது.

“இப்பிடிச் சுடுற கை. ஏன் பிள்ளை சைட்டைத் திருப்பேல்லை?”

“மாற்றம் செய்யமாட்டன் எண்டு பொலிசில கையெழுத்து வைச்சனான் அம்மா.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் ஊரைக் கேட்டார். பிறகு திருப்புளி இருக்கிறதா என்று கேட்டு, நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கி, இரண்டு திருகாணிகளையும் எண்ணி எண்ணித் திருப்பினார். அரை நிமிடம் ஆகியிருக்காது. “மண்டபம் பூட்ட இன்னும் நேரம் இருக்கு. அஞ்சு சுடுங்கோ.”

சுட்டேன். பத்து, ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது. அந்த அட்டையை அவர் கழற்றி என் கையில் தந்தார். அதற்குப் புள்ளி இல்லை. எனக்குச் சந்தோசம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மண்டபத்தின் கதிரையைத் தூக்கி அடிக்கவேண்டும் போல இருந்தது. யாருக்கு அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

திரும்பிவந்து பிஸ்டலை ஒப்படைக்கும்போது சார்ஜன்டிடம், நடுவர் திருகாணியைத் திருப்பிவிட்டார் என்று சொன்னேன். அவர் தமிழைத் தேடித் தேடிக் கதைப்பவர்.

“மிஸ், அது மாத்தம் இல்ல. மாத்தம் எண்டா குழல் வெட்டுறது, நம்பர் அழிக்கிறது. இது ரேடியோ திருப்புற மாதிரி. ஏன் என்னட்ட கேக்கயில்ல?”

எட்டு மாதம், கிழமைக்கு இரண்டு நாள் நான் அந்த மனிதருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எங்களுக்கு இடையில் ஒரு மேசைதான் இருந்தது. மேலிடத்துக்கு இரண்டு கடிதம் அனுப்பினோம். இவரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள், அது எங்கேயாவது எழுதப்படும் என்று ஒரு எண்ணம். அவர் ஒருநாளும் என்னை வெருட்டியதில்லை. எண்ணம் என்னுடையதுதான்.

பிஸ்டல் திரும்பிப் போனது. அடுத்த கிழமை தம்பி அறிக்கை எழுதிக் கையெழுத்தும் வைத்து, என்னையும் வைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். வாசித்தேன். “போட்டியாளர் யுத்தகால உளப்பாதிப்பினால் கைப்பதற்றத்துக்கு உள்ளானமையால் எதிர்பார்த்த புள்ளிகளைப் பெறமுடியவில்லை” என்றிருந்தது.

“என்ன தம்பி இது? முனை அசையேல்லை எண்டு நீரும் பாத்தனீர்தானே?”

“அக்கா, இப்பிடி எழுதினால்தான் இரக்கப்பட்டு அடுத்த வருசமும் தருவினம். திருகாணியைத் திருப்பப் பயந்தம் எண்டு எழுதினால் சிரிப்பினம். துவக்கு வராது.”

அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். அதுவும் எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பிஸ்டல் வேண்டும். அந்த முகாம் வேண்டும். ஒரு கையெழுத்துப் போட்டால் கிடைக்கக்கூடும். பேனையை எடுத்தேன்.

“கவனம் அக்கா, நான் கையெழுத்து வைச்ச கடதாசி. இனி அதில ஒண்டும் மாத்தக்கூடாது.”

அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அதன் மேலே சின்ன எழுத்தில், “போட்டியாளரின் கை நடுங்கவில்லை. குறியைத் திருத்தலாமா என்று கேட்க அவருக்குத் துணிவு இருக்கவில்லை” என்று எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்தை வைத்து, நடுவர் தந்த ஐந்து ஓட்டை அட்டையையும் சேர்த்து ஸ்டேப்ளரால் அடித்தேன்.

“ஐயோ அக்கா” என்றார் தம்பி.

“இப்பிடியே அனுப்பும்.”

அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. பிஸ்டலும் வரவில்லை.